ஏழாவது முட்டை யாருக்கு?

காவலர் தேர்வுக்குப் போகும் ஆண்களுக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூச்சை இழுத்தால் அது இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறும் ஏற வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில் இதற்காக வரிசையில் நிற்பார்கள். அதற்குப் பல மாதங்கள் முன்பே விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அதிகாலை ஓட்டமும் மாலை ஜிம்மும் தொடங்கிவிடும். கூடவே வீட்டுக்கு முட்டை அட்டையும் வந்துவிடும்.

அட்டைக்கு 30 முட்டை. நாளைக்குப் பத்து என்றால் மூன்று நாளில் காலி. முட்டைக்கு இங்கே பஞ்சமில்லை. நாமக்கல்லிலிருந்து சென்னைக்குப் போகும் சரக்கு உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று இதே நெடுஞ்சாலையில்தான் ஏறி வருகிறது. 'பத்து வெள்ளைக்கரு போடு தம்பி, பாடி ஏறும்' என்பது ஜிம்முக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே கிடைக்கும் அறிவுரை. பாடி ஏறுமா? ஏறும். ஆனால் எத்தனை முட்டை தின்பது என்பதை நாம் முடிவு செய்தாலும், அதில் எத்தனை தசையாகும் என்பதை முடிவு செய்வது வேறொரு கணக்கு.

(ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். மூச்சால் விரிய வேண்டிய அந்த 5 சென்டிமீட்டருக்கும் முட்டைக்கும் பெரிய தொடர்பில்லை. அது விலா எலும்புகளும் நுரையீரலும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்து செய்யும் வேலை.)

ஓட்டுக்குள் ஒரு கோட்டை

முட்டை நமக்காக உருவானதல்ல. அடைகாத்தால் 21 நாளில் எலும்பு, இறகு, அலகு, இதயத்தோடு ஒரு குஞ்சு வெளியே வர வேண்டும். அதற்கிடையில் ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போவது காற்று மட்டும்தான். மற்ற எல்லாச் சரக்கும் முதல் நாளே உள்ளே இருந்தாக வேண்டும். பண்ணை முட்டை கருவுறாதது. ஆனாலும் கோழி அதே சாமான்களைத்தான் அதற்குள்ளும் கட்டி வைக்கிறது. உடல் தானாகச் செய்துகொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் முட்டைப் புரதத்தில் நல்ல விகிதத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். மற்ற உணவுகளின் புரதத் தரத்தை அளக்க நெடுங்காலம் முட்டையையே அளவுகோலாக வைத்திருந்தார்கள்.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. அதில் பாதிக்குச் சற்று மேல் வெள்ளைக்கருவில், மீதி மஞ்சள்கருவில். வெள்ளைக்கரு குஞ்சுக்குத் தீனி மட்டுமல்ல, காவலும்கூட. அதிலுள்ள லைசோசைம் பாக்டீரியாவின் சுவரை உடைக்கும். 1922இல் இந்த நொதியைக் கண்டறிந்தவர், பின்னாளில் பெனிசிலினால் புகழடைந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங். இன்னொரு காவலாளியின் பெயர் அவிடின். பாக்டீரியா வளரத் தேவையான பயோட்டின் என்ற வைட்டமினை அது கவ்விப் பிடித்துக்கொள்ளும். இயற்கையில் நாம் அறிந்த மிக வலுவான பிடிகளில் அதுவும் ஒன்று.

அந்தப் பிடி பாக்டீரியாவோடு நிற்பதில்லை. 1927இல் லண்டனில் மார்கரெட் போவாஸ் என்ற ஆய்வாளர், பச்சை வெள்ளைக்கருவையே புரதமாகக் கொடுத்து எலிகளை வளர்த்தார். அவற்றின் தோல் புண்ணானது, முடி உதிர்ந்தது. வேகவைத்துக் கொடுத்தபோது இந்தத் தொல்லை வரவில்லை. காரணம் அவிடின்தான் என்பது 1940 வாக்கில் தெளிவானது. பச்சையாக இருக்கும்வரை அது பயோட்டினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு பட்டால் பிடி தளரும்.

பச்சையா, அவித்ததா?

1976இல் வந்த 'ராக்கி' படத்தில் நாயகன் விடியற்காலையில் ஐந்து முட்டையை டம்ளரில் உடைத்து ஊற்றி, மடமடவென்று குடிப்பான். உலகம் முழுக்க எத்தனையோ இளைஞர்கள் அதைப் பார்த்துக் குடித்தார்கள். நம் ஊரிலும் பச்சை முட்டைக்குத்தான் சத்து அதிகம் என்ற நம்பிக்கை பழையது.

இதை நேரடியாக அளந்து பார்த்தவர்கள் பெல்ஜியத்தின் லூவென் நகர ஆய்வாளர்கள். முடிவு 1998இல் வெளியானது. பெருங்குடலுக்குப் போகும் முன்பே சிறுகுடல் வயிற்றில் போட்ட துளை வழியாக வெளியே திறந்துவிடும்படி அறுவை செய்துகொண்ட ஐந்து பேரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். உண்ட புரதத்தில் சிறுகுடல் எடுத்துக்கொண்டது போக மிச்சம் எவ்வளவு என்று அவர்களிடம்தான் சரியாக அளக்க முடியும். அவித்த முட்டையின் புரதத்தில் கிட்டத்தட்ட 91 சதவீதம் உடலில் சேர்ந்தது. பச்சை முட்டையில் சேர்ந்தது 51 சதவீதம்தான்.

வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருப்பது ஓவால்புமின். 385 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி அது, இறுக்கமாக மடிந்து கிடக்கும். கொதிநீரில் அந்த மடிப்பு பிரிகிறது, பிரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி வலையாகின்றன. கண்ணாடிபோல் இருந்த கரு வெள்ளையாவது அப்போதுதான். மடிப்பு பிரிந்த சங்கிலியில்தான் நம் செரிமான நொதிகளுக்குக் கத்தரிக்க இடம் கிடைக்கும். பச்சையாகக் குடித்தால் கத்தரிபடாத பாதி பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே உள்ள பாக்டீரியா அதிலுள்ள கந்தகத்தைப் பிரித்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக்கும். ஜிம்மில் பக்கத்தில் நிற்பவர் தள்ளிப் போவது ஏன் என்று இப்போது புரியும். சால்மோனெல்லா கிருமியின் ஆபத்தையும் சேர்த்துக்கொண்டால், பச்சை முட்டைக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

தசைக்கு யார் சொல்வது?

செரித்த அமினோ அமிலங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. மிஞ்சிய மாவுச்சத்தைக் கிளைகோஜனாகவும் மிஞ்சிய கொழுப்பைத் தொப்பையாகவும் உடல் சேமித்து வைக்கும். மிஞ்சிய அமினோ அமிலத்துக்கென்று அதனிடம் கிடங்கு கிடையாது. உடனே கட்டுமானத்துக்குப் போகாதவற்றிலிருந்து கல்லீரல் நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்குகிறது. இந்தச் சுழற்சியை 1932இல் கண்டறிந்தவர்கள் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்சலைட்டும். யூரியா சிறுநீரில் போய்விடும். அமினோ அமிலத்தில் எஞ்சிய கார்பன் சட்டகம் எரிபொருளாகும். அப்படிப் பார்த்தால் தேவைக்கு மேல் தின்ற முட்டை, விலை கூடிய சோறுதான்.

எவ்வளவு கட்டுமானத்துக்குப் போகும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆறு இளைஞர்களைக் காலுக்குப் பளுப் பயிற்சி செய்ய வைத்து, முட்டைப் புரதத்தையே கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் எதுவும் இல்லாமல், மற்ற நாள்களில் 5, 10, 20, 40 கிராம். தொடைத் தசையில் துளி எடுத்துப் பார்த்தபோது, 20 கிராம் வரை புதுப் புரதம் உருவாகும் வேகம் ஏறிக்கொண்டே போனது. 40இல் அது குறிப்பிடும்படி கூடவில்லை. அமினோ அமிலம் எரிவதுதான் கூடியது. 2009இல் வந்த இந்த முடிவிலிருந்துதான் 'ஒரு வேளைக்கு மூன்று, நான்கு முட்டை போதும்' என்ற கணக்கு ஜிம்களுக்குப் பரவியது.

ஆனால் அது சில மணி நேரத்துக்குள் பார்த்த கணக்கு. 2023இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் பயிற்சிக்குப் பின் ஒரே தடவையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்து 12 மணி நேரம் தொடர்ந்து கவனித்தார்கள். பெரிய விருந்தை உடல் மெதுவாகச் செரித்து, மெதுவாகப் பயன்படுத்திக்கொண்டது. ஆக, ஒரே வேளையில் கூடுதலாகச் சாப்பிட்டால் எல்லாம் வீண் என்று சொல்ல முடியாது. நாள் முழுவதற்கும் சேர்த்துப் பார்க்கும் மொத்தம்தான் முக்கியம்.

அந்த மொத்தத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. பெரியவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பளு தூக்குபவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கிலோவுக்கு 1.6 கிராமைத் தாண்டினால் சராசரியாகத் தசைக்குக் கூடுதல் லாபம் இல்லை என்று 2018இல் தெரியவந்தது. பளு தூக்காதவர் எத்தனை முட்டை தின்றாலும் இந்த ஏற்றம் நடக்காது. ஒரு கடுமையான பயிற்சிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் வரைக்கும் தசை விழித்திருக்கும். வருகிற அமினோ அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும். அதை எழுப்புவது இரும்பு, முட்டை அல்ல.

குப்பைக்குப் போகும் மஞ்சள்கரு

அவித்த முட்டையை இரண்டாக உடைத்து, மஞ்சள்கருவை மட்டும் தோண்டி எறிவது ஜிம்மில் பார்த்துப் பழகிய காட்சி. 2017இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதிக்க ஓர் அழகான வழி செய்தார்கள். அடையாளமிட்ட லியூசின் என்ற அமினோ அமிலத்தைக் கோழிகளுக்கே தீனியில் கொடுத்தார்கள். அவை இட்ட முட்டைகளிலும் அதே அடையாளம். அந்த முட்டையைத் தின்றவரின் ரத்தத்தில் முட்டையிலிருந்து வந்த லியூசின் எது என்று அடையாளம் பார்த்தே சொல்லிவிடலாம். முழு முட்டையிலிருந்து 18 கிராம், வெறும் வெள்ளைக்கருவிலிருந்து 18 கிராம் என்று புரதத்தைச் சமமாக்கிக் கொடுத்தார்கள். ரத்தத்தில் வந்து சேர்ந்த அமினோ அமிலம் கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் பயிற்சிக்குப் பிந்தைய மணி நேரங்களில் தசை கட்டும் வேகம் முழு முட்டைக்குத்தான் அதிகம். மஞ்சள்கருவில் இருக்கும் எதுவோ கைகொடுக்கிறது.

சில மணி நேர வேகம் மாதக்கணக்கில் பெரிய தசையாக மாறும் என்று சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே பயிற்சியில் இருந்த இளைஞர்களுக்கு 12 வாரம் 3 முழு முட்டை அல்லது 6 வெள்ளைக்கரு கொடுத்த இன்னொரு ஆய்வில், இரு குழுவுக்கும் தசை ஏறத்தாழ ஒரே அளவில்தான் ஏறியது. அப்படியே வைத்துக்கொண்டாலும் மூன்று முட்டையில் ஆவதற்கு ஆறு முட்டையை உடைப்பானேன்? கிட்டத்தட்ட பாதிப் புரதத்தோடு வைட்டமின் ஏ, டி, பி12, கோலின் எல்லாம் அந்த மஞ்சளில்தான் இருக்கின்றன.

எறிவதற்குக் காரணம் கொலஸ்ட்ரால் பயம். ஒரு மஞ்சள்கருவில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் உண்டு. ஆனால் நம் உடலே தினமும் அதைப்போல் பல மடங்கு கொலஸ்ட்ராலைத் தயாரிக்கிறது. வெளியிலிருந்து வரவு கூடினால் பலருக்குச் சொந்தத் தயாரிப்பு குறைந்துவிடும். 1991இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை, தினமும் 25 முட்டை தின்ற 88 வயது முதியவரைப் பற்றியது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, பல ஆண்டுகளாக. அவருடைய கொலஸ்ட்ரால் 200. சோதித்துப் பார்த்தால் அவர் குடல் உணவின் கொலஸ்ட்ராலில் 18 சதவீதத்தைத்தான் உள்ளே விட்டது. உள்ளே போனதையும் கல்லீரல் இரு மடங்கு வேகத்தில் பித்த அமிலமாக்கி வெளியேற்றிக்கொண்டிருந்தது.

அவரைப் பார்த்து அட்டை அட்டையாகத் தின்றுவிடக் கூடாது. எல்லோர் குடலும் அப்படிக் கதவைச் சாத்துவதில்லை. சிலருக்கு நாலைந்து முட்டையிலேயே கெட்ட கொலஸ்ட்ரால் எகிறும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனை, ஜிம் மாஸ்டரின் யூகத்தை விட நம்பகமானது.

தட்டில் ஒரு கணக்கு

எடை 60 கிலோ என்றால் மேல்வரம்பு 96 கிராம். மூன்று வேளைக்கு 300 கிராம் அரிசி போனால் அதிலேயே 22 கிராம் வந்துவிடும். சாம்பாருக்கும் கூட்டுக்கும் சேர்த்து 60 கிராம் பருப்பில் 13. ஒரு கிண்ணம் தயிர் அல்லது ஒரு டம்ளர் பாலில் 6. மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 8. வேர்க்கடலை 50 கிராமில் 12. வேர்க்கடலையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த டி.எம்.வி. ரகங்கள் நாடெங்கும் விளைந்தவை. கூட்டினால் 61. பாக்கி 35 கிராமுக்கு ஆறு முட்டை போதும். மரக்காணத்து மீன் 100 கிராம் சேரும் நாளில் மூன்றே போதும்.

முட்டை இங்கே எண்ணிக்கையை மட்டும் நிரப்பவில்லை. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. முட்டையில் இரண்டுமே தாராளம். ஒரு பொருளையே மலைபோல் தின்பதை விட நாலும் கலந்து தின்பது நல்லது என்று பெரியவர்கள் சொன்னதற்குள் இந்த வேதியியல் இருக்கிறது. 1952இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற மனோகர் ஐச், சோறு, பருப்பு, மீன், காய், பால் என்று சாதாரண வங்காளிச் சாப்பாட்டிலேயே அந்த உடம்பை வைத்திருந்தார். 2016இல் நூறு வயதைக் கடந்தே மறைந்தார்.

அப்படியானால் ஏழாவது முட்டை? இருபது வயதுத் தசையை ஒரு வேளையில் எடையின் கிலோவுக்கு சுமார் 0.24 கிராம் புரதமே கிட்டத்தட்ட முழு வேகத்துக்குக் கொண்டுபோய்விடும். எழுபது வயதுத் தசைக்குக் காது மந்தம். அதே வேகத்துக்கு சுமார் 0.4 கிராம் வேண்டும் என்கிறது 2015இல் வந்த ஓர் ஆய்வு. ஆனால் வீட்டில் நடப்பது தலைகீழ். பல் போய், பசி குறைந்து, 'எனக்கெதுக்குடா முட்டை' என்று ரசஞ்சோற்றோடு எழுந்துவிடுகிற பாட்டிக்குத்தான் வருடா வருடம் தொடையும் தோளும் கரைந்துகொண்டிருக்கின்றன. குளியலறையில் வழுக்கினால் தாங்கிப் பிடிக்க வேண்டியது அந்தத் தொடைதான். ஜிம்முக்குப் போகும் பேரனின் உடலில் ஏழாவது முட்டை யூரியாவாகப் போகும். அதையே குழைய அவித்துப் பாட்டியின் தட்டில் வைத்து, கையைப் பிடித்து நாலு தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரவும் வைத்தால், அது தசையாகும்.