உங்களுக்குத் தெரியுமா? சிறகில்லாமல் மிதக்கும் ஓணான்!

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும், அவற்றை ஒட்டிய பாக்குத் தோப்புகளிலும் வாழ்கிறது பறக்கும் ஓணான். வால் உட்பட இதன் நீளம் சுமார் 20 செ.மீ.தான்.

● இதற்குச் சிறகு கிடையாது. நீண்ட விலா எலும்புகள் சில, பக்கவாட்டுத் தோல் சவ்வைக் குடைக்கம்பிபோல் தாங்குகின்றன.

● மரத்திலிருந்து தாவியதும் சவ்வு விரியும். முன்னங்கால்களால் சவ்வின் முன்விளிம்பைப் பிடித்தபடி அடுத்த மரத்துக்கு மிதந்து செல்லும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் படங்களுடன் விளக்கியது.

● ஆணின் தொண்டையில் மஞ்சள் மடல் உண்டு. பெண்ணைக் கவரவும் போட்டி ஆணை எச்சரிக்கவும் அதை விரித்துக் காட்டும்.

● முக்கிய உணவு எறும்பு.

● பெண் ஓணான் முட்டையிடத் தரைக்கு இறங்கி, முட்டைகளை மண்ணில் புதைக்கும்.

வாழ்வின் பெரும்பகுதியை மரத்திலேயே கழிக்கும் உயிர் இது. மரங்களைக் காப்பதே இதைக் காக்கும் வழி.