பாஸ் இல்லாத செல்

சின்னமனூர் வாசகி ஒருவர் கடிதத்தோடு ஒரு சத்துமாவு டப்பாவின் லேபிளையும் கிழித்து அனுப்பியிருக்கிறார். ‘இயற்கைக் கொல்லி செல்களை இரு மடங்காக்கும்’ என்று அதில் அச்சடித்திருக்கிறது. “உடம்புக்குள்ளே கொலை செய்கிற ஒன்றை இரு மடங்காக்கலாமா?” என்று கேட்கிறார். மாவு விற்றவருக்கு வராத சந்தேகம்.

வெள்ளையணுக்கள் பற்றிப் பள்ளியில் படித்ததை விட்டுவிடுவோம். இரத்தத்திலுள்ள லிம்போசைட் என்னும் வெள்ளையணுக்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து வரை இந்தக் கொல்லிகள். இன்னொரு லிம்போசைட்டான டி செல்லைப் போல எதிரியை முன்கூட்டிப் பழகியிருக்க வேண்டியதில்லை. பார்த்த இடத்தில் தீர்ப்பு.

எப்படித் தெரிகிறது? 2020, கொரோனா ஊரடங்கின் இ-பாஸ் காலம். என் மாமா கூடலூரில் பன்னீர் திராட்சை ஏற்றிக் குமுளி மலை ஏறுவார். செக்போஸ்ட்டில் முதலில் கேட்டது பாஸைத்தான்; பெட்டிக்குள் திராட்சையா வேறெதுவுமா என்பதெல்லாம் பிறகு. நம் செல்களின் பாஸ் எச்.எல்.ஏ. என்னும் புரதம். செல்லுக்குள் நடப்பதன் துணுக்குகளை அது மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். டி செல் அதைப் படித்து வைரஸைப் பிடிக்கும். அதனால் சில வைரஸ்களும் புற்றுச் செல்களும் பாஸையே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. டி செல் கண்ணில் மண்ணைத் தூவியாயிற்று. ஆனால் கொல்லி செல் தேடுவதே பாஸ் இல்லாதவனை.

அது மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். சிவப்பணுக்களிடமும் இந்தப் பாஸ் அநேகமாகக் கிடையாது. அவற்றைக் கொல்லி தொடுவதில்லை. பாஸ் இல்லாததோடு, நெருக்கடியில் இருக்கும் செல் காட்டும் அடையாளங்களும் சேர்ந்தால்தான் கை ஓங்கும்.

இந்தச் செல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் 1975இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இருந்த மூவர். அவர்களில் ஒருவர் எவா கிளைன். யூதப் பெண்; 1944இல் நாஜிகளிடம் சிக்காமல் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஒளிந்து, போலி அடையாளத் தாள்களின் துணையோடு உயிர் தப்பியவர். பாஸ் பார்க்கும் வழக்கத்தைப் பின்னால் கண்டுபிடித்த கிளாஸ் கேரே, அவருடைய துறையில் வளர்ந்தவர்தான். இந்தப் பொருத்தத்தை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

கொலைக்கு வருவோம். கொல்லி, இரையோடு உடலை ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்னும் புரதம் நிறைந்த பைகளை அந்தப் பக்கம் நகர்த்தித் திறக்கிறது. பைக்குள் இருக்கும்வரை பெர்ஃபோரின் சாது. தாத்தா வெற்றிலை போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இலையும் பாக்கும் எவ்வளவு மென்றாலும் சுண்ணாம்பு பட்டால்தான் சிவக்கும். இங்கும் அதேதான்: பையின் புளிப்பு நீங்கி, வெளியே இருக்கும் சுண்ணாம்புச் சத்து தொட்ட பிறகே பெர்ஃபோரின் வேலை செய்யும். இரையின் சவ்வில் உறைக்கிணற்று வளையம்போல் வட்டமாகக் கூடி ஓட்டை போடும். அந்த வழியே நுழையும் கிரான்சைம் என்னும் நொதி, செல்லைத் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளச் செய்யும். பிறகு கொல்லி அடுத்ததைத் தேடிப் போய்விடும்.

அவ்வளவு நெருக்கத்தில் கொட்டிய ஆயுதம் கொட்டியவனை ஏன் துளைக்கவில்லை? அந்தப் பையின் தோலில் கொழுப்பு மூலக்கூறுகள் நெருக்கியடித்து அடுக்கியிருக்கின்றன. பெர்ஃபோரின் அதில் எளிதில் காலூன்ற முடியாது. பை திறக்கும்போது அந்தத் தோலே கொல்லியின் சவ்வோடு சேர்ந்து, இரையைத் தொடும் பக்கத்தில் கேடயமாகிறது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு 2021இல் காட்டியது இது. ஆயுதம் சுற்றிவந்த உறையே கவசம்!

பாஸ் ஆளுக்கு ஆள் வேறு. தென்தமிழகச் சமூகங்களின் எச்.எல்.ஏ. வகைகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பேராசிரியர் பிச்சப்பன். ஒரே வட்டத்துக்குள் பெண் எடுத்துக் கொடுத்து வந்ததன் தடயம் நம் இரத்தத்தில் இருக்கிறது. பழுதான மரபணுவும் அதே வட்டத்தில்தான் சுற்றும். பெர்ஃபோரின் மரபணு தாய், தந்தை இரு வழியிலும் பழுதாக வந்தால் என்ன ஆகும் என்பது 1999இல் தெரிந்தது. கொல்லியால் கொல்லவும் முடிவதில்லை, இரையை விட்டு விலகவும் முடிவதில்லை. ஒட்டிக்கொண்டே அபாய மணி அடிக்க, மற்ற வெள்ளையணுக்கள் வெறிகொண்டு சொந்த இரத்த அணுக்களையே விழுங்குகின்றன. கைக்குழந்தைக்குத் தணியாத காய்ச்சல், மண்ணீரல் வீக்கம். எலும்பு மஜ்ஜை மாற்றாவிட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்தல்ல, அணையாமல் எரிந்து சாகிற குழந்தை அது.

கொல்லியின் எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது, கொல்லவும் விலகவும் தெரிய வேண்டும். ஆகவே அம்மா, மாவை நிறுத்திவிடுங்கள். ‘சக்தி’ கூட்டுகிறோம் என்பவர்களிடம் எந்த சக்தி, எவ்வளவு, யார் அளந்தது என்று கேளுங்கள். நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள் சம்பந்தம் இன்னும் ஓயவில்லை. உங்கள் குடும்பத்தில் அப்படிப் பேச்சு நடந்தால், காரணம் தெரியாத காய்ச்சலில் போன பிள்ளைகளைக் ‘கொடுத்துவைக்கவில்லை’ என்று மூடிவைக்காமல், நிச்சயத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மரபணு ஆலோசனை கேளுங்கள்.