வீட்டுக்குப் போகிற நாளிலிருந்து

கோத்தகிரி மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் போன வாரம் ஒரு தம்பி என் எதிரே வந்து உட்கார்ந்தான். சமூகப்பணி படித்தவன். குடிநோய்க்கும் மனநலத்துக்கும் சேர்த்து இங்கே ஒரு சிகிச்சை மையம் தொடங்க நினைக்கும் சிலரோடு சேர்ந்திருக்கிறான். “அண்ணா, அஞ்சு வருஷத் திட்டம் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. எத்தனை கட்டில் போடலாம்னுதான் பேச்சு ஓடிட்டிருக்கு” என்றான். நோட்டின் முதல் பக்கத்தில் கட்டடத்தின் படம் வரைந்திருந்தான்.

இரண்டு டீ சொன்னேன். கட்டிலையே முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

போதைப் பழக்கம் பற்றி எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக நடத்திய கணக்கெடுப்பு 2019இல் வெளிவந்தது. 10 முதல் 75 வயதுக்குட்பட்டவர்களில் 2.7 விழுக்காட்டினர் மதுவை விட முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்றது அது. கோத்தகிரியின் மக்கள்தொகை 2011இல் 28 ஆயிரத்துச் சொச்சம். நாட்டுச் சராசரியை அப்படியே பொருத்தினால் ஊருக்குள் மட்டும் 600 பேரைத் தாண்டும். சுற்றியிருக்கிற ஹட்டிகளும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளும் இதில் சேராது. பத்துக் கட்டில், ஆளுக்கு ஒரு மாதம் என்றால், ஒரு நாள்கூடக் காலியாக விடாமல் நடத்தினாலும் வருஷத்துக்கு 120 பேர்தான். தம்பி நோட்டில் 600ஐ 120ஆல் வகுத்தான். ஐந்து வருஷம். அதுவும் போனவர் யாரும் திரும்பி வராமல் இருந்தால்.

ஆனால் திரும்பி வருவார்கள். இந்த நோயின் இயல்பு அப்படி. சர்க்கரை நோய்க்காரருக்கு அளவு ஏறினால் யாரும் அவரைக் கெட்டவன் என்பதில்லை, மாத்திரையை மாற்றுகிறார்கள். குடியை விட்டவர் மறுபடி தொட்டால் மட்டும் செலவழித்த பணமெல்லாம் வீண் என்கிறோம்.

கட்டிலில் என்ன நடக்கிறது என்பதையும் சொன்னேன். நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், பேச்சு குழறும், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதனால்தான் வீட்டில் பூட்டி வைத்துத் திருத்துகிறேன் என்று யாரும் இறங்கக் கூடாது. தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் மருந்து, பி1 வைட்டமின், பக்கத்தில் ஆள் என்று பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் உடம்பு தெளிந்துவிடும். மிச்ச நாளில் முக்கியமாகப் பேச்சுதான்: அவரோடு, அவர் மனைவியோடு, மற்ற நோயாளிகளோடு. ஆக, நடுக்கம் தணிக்கும் மருந்தின் பங்கு ஒரு வாரம். அதன் பின் வீடு இருக்கிறது, ஆயுள் முழுக்க.

“அப்ப திட்டத்தை எங்கிருந்துண்ணா ஆரம்பிக்கறது?”

அவர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பஸ் ஏறுகிற நாளிலிருந்து, என்றேன். அங்கிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வா.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி இருக்கிறது. முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்தார். இளம் வயதிலேயே கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், அடுத்த ஆண்டே அவர் பெயரில் சென்னையில் ஒரு சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று ஊர் அறிந்த இடம் அதுதான். குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் வீட்டாருக்கும் தனியாக ஒரு சிகிச்சைத் திட்டம் வைத்தார்கள். வருஷக்கணக்கில் அடியும் அவமானமும் தாங்கிய பெண்ணுக்கும் காயம் ஆற வேண்டாமா? அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தவர் தொடங்கியதால்தான் இது அங்கே அவ்வளவு ஆழமாக ஊன்றியது என்று நான் நினைக்கிறேன்.

நம் மலைக்கு அதைவிடப் பொருத்தமானது அவர்கள் கிராமத்தில் செய்த வேலை. இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், ஊருக்குள்ளேயே 15 நாள் முகாம் நடத்தினார்கள். கூலி வேலைக்காரர் ஒரு மாதம் சென்னையில் வந்து தங்கினால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே சிகிச்சை ஊருக்குப் போனது. ஊரே இடம் கொடுத்தது, ஊர்க்காரர்களே ஆட்களைத் தேடி அழைத்து வந்தார்கள். முகாம் முடிந்த பிறகும் குழு திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. குடியை விட்டவர் தெருவில் நடக்கும்போது, அவர் எங்கே போய்வந்தார் என்று ஊருக்கே தெரியும். மறைக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் காவலாகவும் இருப்பார்கள்.

இதைக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்து பார். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து தேயிலை குறைகிறது, பறிக்கும் வேலையும் குறைகிறது. முகாமுக்கு அந்த மாதங்கள் தோதானவை. தீபாவளி போனஸ் கைக்கு வருகிற வாரத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பாதே, பத்து நாள் தள்ளிப் போடு. வடகிழக்கு மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் மறுபரிசோதனைக்கு யாரும் வர முடியாது. 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மலை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த மழை மாதங்களில் ஹட்டிக்கு ஒருவர், லைனுக்கு ஒருவர் போனில் கேட்டு விசாரிக்க வேண்டும். தொடர்ந்து விசாரிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற இரண்டு பேரை முதல் வருஷமே வேலைக்கு எடு. கட்டில் ஆறு போதும்.

டாஸ்மாக் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் தரும் ஏற்பாடு 2022 மே மாதம் நம் நீலகிரியில்தான் தொடங்கியது. காட்டில் உடைந்த புட்டி யானைக் காலில் குத்துகிறது என்று நீதிமன்றம் வரை போய் வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. புட்டி திரும்பி வர இத்தனை யோசித்திருக்கிறோம்; அதைக் குடித்த மனிதன் திரும்பி வரும் வழியையும் அதே அக்கறையோடு யாராவது வரைய வேண்டும்.

மனநலம் என்ற சொல்லை விட்டுவிடாதே என்றும் சொன்னேன். தூக்கம் வராமல், துக்கம் தாளாமல் குடிக்கத் தொடங்கியவர்கள் பலர். குடியை மட்டும் நிறுத்திவிட்டு மனச்சோர்வை அப்படியே விட்டால் அவரை அது மறுபடி கடைக்கே கூட்டிப் போகும். இரண்டுக்கும் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில் வைத்தியம் வேண்டும். வாரம் ஒரு நாளாவது மனநல மருத்துவர் மலையேறி வர ஏற்பாடு செய். வர முடியாத நாளில் வீடியோவில் பார்க்கட்டும். நள்ளிரவில் தவிப்பவருக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வை.

சட்டத்தையும் படி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்கிறது. குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநோய்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. மையத்தைப் பதிவு செய்தாக வேண்டும். நள்ளிரவில் நாலு பேர் வண்டியில் வந்து ஆளைத் தூக்கிப் போகிற வழக்கத்தை உன் நோட்டில் ஒரு வரியாகக்கூட எழுதாதே. அப்படித் தூக்கிப் போகப்பட்ட ஒருவரை நான் அறிவேன். வெளியே வந்தபின் எந்த மருத்துவரையும் அவர் நம்பவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. தம்பி நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை எடுத்தான். கடைக்காரரைப் பார்த்து, “அண்ணா, இங்க சம்பளம் என்னைக்குப் போடுவாங்க?” என்று கேட்டான்.

“யாருக்குப்பா? எஸ்டேட்டுக்கு மாசத்துக்கு ஒருதரம். சின்னத் தோட்டத்துக் கூலின்னா வாரக் கடைசி. சொந்தமா இலை போடறவங்களுக்குப் பேக்டரி எப்பத் தருதோ அப்ப.”

மூன்றையும் தனித்தனியாக எழுதிக்கொண்டான்.