அநுதின வாழ்வில் நன்றியறிதல்

ஆண்டவருக்கு நன்றி செலுத்தவேண்டும் என்பதை மறுக்கும் கிறிஸ்தவ வாலிபன் ஒருவனும் நம் கலாசாலையில் இரான். காலை ஆராதனையிலும், உணவு வேளையிலும், வாலிபர் கூட்டங்களின் முடிவிலும் ஸ்தோத்திரம் என்னும் சொல் நம் நாவில் இடையறாது வழங்குகின்றது. நம் சபையார் ஒருவரையொருவர் வழியிற் சந்திக்கும்போதும் அச்சொல்லையே வந்தனமாகக் கூறுகின்றனர். ஆயினும், பலர் கையில் வழங்கிய நாணயம் தேய்ந்து முத்திரை மறைவதுபோல, இச்சொல்லும் பொருள் மங்கிப்போகும் அபாயம் உண்டு. ஆகையால் நன்றி என்பது யாது, அதனை நாடோறும் பயிலுவது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இவ்விஷயத்தில் நம் தாய்மொழியே நமக்கு ஆசிரியனாய் நிற்கின்றது. இக்காலத்தில் நன்றி என்பதைப் பிறருக்குச் சொல்லும் ஒரு வார்த்தையாகவே கொள்கின்றோம். பழந்தமிழிலோ நன்றி என்பதற்கு நன்மை என்பதே பொருள். திருவள்ளுவர் தம் நூலின் 11-ஆம் அதிகாரத்திற்குச் செய்ந்நன்றி சொல்லுதல் என்று பெயரிடாது, செய்ந்நன்றி அறிதல் என்றே பெயரிட்டனர். ஒருவர் செய்த நன்மையை நன்மையென்று கண்டுகொள்ளுதல் முதற்படி. வாயால் உரைத்தல் அதன் பின் வருவது. அறியாத ஒன்றிற்கு நன்றி சொல்லுதல் பிரித்துப் படியாத கடிதத்திற்குப் பதில் எழுதுவதை ஒக்கும்.

லூக்கா சுவிசேஷம் 17-ஆம் அதிகாரத்தில் வரும் குஷ்டரோகிகள் பதின்மரின் சரித்திரத்தை யாவரும் அறிவோம். ஆசாரியர்களிடம் சென்று தங்களைக் காண்பிக்குமாறு ஆண்டவர் பணிக்க, அவர்கள் போகும் வழியிலே பதின்மரும் சுத்தமாயினர். திரும்பி வந்தவனோ ஒருவனே, அவனும் சமாரியன். மற்ற ஒன்பதின்மரைப் பிரசங்கிமார் கடிந்துகொள்வது வழக்கம். ஆனால் அவர்கள் கட்டளையை மீறினவர்களல்லர் என்பதையும் கவனித்தல் வேண்டும். சொன்னபடியே ஆசாரியனிடம் சென்றனர். நியாயப்பிரமாணம் கேட்பதையெல்லாம் குறைவறச் செய்தும் இருப்பர். சமாரியனோ தான் குணமானதை வழியிலே கண்டான். கண்டபின் அவனுக்கு அப்பால் நடக்கக் கால் எழவில்லை. கடமையைச் செய்தார் பலர். நன்மையை அறிந்தவன் ஒருவன். ஆராதனைக்குத் தவறாது வந்து, வருகைப் புத்தகத்திற் பெயர் பதிந்து, காணிக்கையும் இட்டுச் செல்லும் நம்மிற் பலர் எவ்வகையினர் என்பதை அவரவர் மனமே சொல்லும்.

விடுதியின் போஜனசாலையை நோக்குவோம். மணியடித்ததும் ஒருவர் ஒரே மூச்சில் ஜெபத்தைச் சொல்லி முடிக்க, ஆமென் என்பதும் சோற்றுப் பாத்திரத்தின் மூடி திறப்பதும் ஒரே ஓசையாய்க் கேட்கின்றன. பசித்த வாலிபரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் உபாகமம் 8-ஆம் அதிகாரம் புசித்துத் திருப்தியடைந்த பின்னரே ஸ்தோத்திரம் செய்யவேண்டும் என்று விதிப்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. யூதர் இன்றும் உணவிற்குப் பின் நீண்ட ஸ்தோத்திர ஜெபம் சொல்லுகின்றனர். காரணம் அவ்வதிகாரத்திலேயே அடுத்து வருகின்றது. நல்ல வீடும் ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போதுதான், இவையெல்லாம் என் கைவலியால் வந்தன என்னும் எண்ணம் மனிதனுக்கு உண்டாகின்றது. பசித்தவனுக்குச் சோற்றின் அருமையை ஒருவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மறதி, வயிறு நிறைந்தபின் வருவது.

இன்னுமொரு நுட்பமான அபாயம் உண்டு. எத்தனையோ பேர் பட்டினியாயிருக்க எங்களுக்கு ஆகாரம் தந்தீரே என்று ஜெபிப்பது நம்மிடையே வழக்கம். நல்லெண்ணத்துடனே சொல்லப்படுவதுதான். ஆயினும் தேவாலயத்தில் நின்ற பரிசேயனுடைய ஜெபமும் ஸ்தோத்திரமாகவே தொடங்கிற்று என்பதை மறக்கலாகாது. பிறனுடைய குறையை அளவுகோலாகக் கொண்டன்றோ அவன் தன் பாக்கியத்தை அளந்தான்! அடுத்தவனுடைய வெறுங்கலம் நம் ஸ்தோத்திரத்திற்குக் காரணமாயின், அவன் கலம் நிறையும் நாளில் நம் ஸ்தோத்திரம் குறைந்துபோம். பட்டினி கிடப்பவனை நினைத்தல் நன்றே. ஆனால் அந்நினைவு அவனோடு பகிர்ந்துண்பதில் முடியவேண்டும்.

நம் முன்னோர் இதனை அடுப்பங்கரையிலேயே கற்றிருந்தனர். திருநெல்வேலி நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் கிறிஸ்தவப் பெண்கள் உலையிலிட அரிசி அளக்கும்போது, ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டுவைத்துச் சபைக்குக் கொண்டுவரும் வழக்கம் பெருகியிருந்தது. சில ஊர்களில் இன்றும் உண்டு. பிடியரிசி என்பது அதன் பெயர். மீந்துபோன சோற்றிலிருந்து எடுத்ததன்று அது. அன்றைக்கென்று அளந்த அரிசியிலிருந்தே எடுத்தது. குறைந்த அப்பிடி யாருடைய கலத்திற் குறைந்திருக்கும் என்பதைத் தமிழ் வீடுகளை அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை. இப்படிச் சேர்ந்த அரிசி ஏழைகளுக்கும் சுவிசேஷ ஊழியத்திற்கும் உதவிற்று. அறுப்பின் பண்டிகையில் ஒரு முட்டையை ஏலத்தில் எடுத்தவர் அதனையே மறுபடியும் காணிக்கையாக வைக்க, அது திரும்பத் திரும்ப ஏலத்திற்கு வரும் வேடிக்கையும் அந்நன்றியின் ஒரு கிளையே.

அப்பெண்களின் பேரரும் பேத்தியரும் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே, ஆண்டவருக்கு நன்றி என்று சொல்லிவிட்டு, அவர் நன்மையைச் சுமந்துவந்த கைகளை மறப்பது அழகன்று. நாற்று நட்டவர்கள், விடியுமுன் விடுதியில் அடுப்பு மூட்டினவர், பாடம் விளங்காத மாணவனுக்காக மாலையிலும் தங்கியிருந்த ஆசிரியர் ஆகிய இவர்கள் மூலமாகவே நமக்குரிய பங்கு வந்து சேருகின்றது. தேவனுக்குக் கொர்பான் என்று சொல்லித் தகப்பனையும் தாயையும் கைவிட்டவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்திற் காண்க. விடுதிக் கட்டணத்திற்காகக் கழுத்துச் சங்கிலியை அடகுவைத்த தாய் பட்டமளிப்பு நாளில் வரும்போது, அவளுடைய சேலைக்கும் பேச்சிற்கும் நாணி ஒதுங்கி நிற்கும் மகன், அன்று காலையில் பாடிய துதிப்பாட்டு ஆலயக் கூரையைத் தாண்டிச் சென்றிருக்குமோ என்பது நமக்கு ஐயமே.

இனி, பயிற்சி எப்படியெனில், பெயர் சொல்லி நன்றி கூறுதலே சிறந்தது. எல்லா நன்மைகளுக்காகவும் என்று மொத்தமாய்ச் சொல்லுவது எளிது. ஒன்றையும் நினையாமலே அதைச் சொல்லிவிடலாம். 136-ஆம் சங்கீதமோ தன் 26 வசனங்களிலும் சிருஷ்டிப்பு முதல் எகிப்தினின்று மீட்டதும் மாம்சமான யாவற்றிற்கும் ஆகாரம் அளிப்பதும் வரை ஒவ்வொன்றாய் எண்ணிச் செல்லுகின்றது. உறங்குமுன் அன்றைய நாளின் நன்மைகள் மூன்றை ஒரு சிறு புத்தகத்தில் எழுதிவைக்கலாம். முதல் நாளில் எளிதாயிருக்கும்; நான்காம் நாளில் எழுத ஒன்றுமில்லை போலத் தோன்றும். அப்பொழுதே கண் தேடத் தொடங்குகின்றது. வீட்டிற்குத் தொலைபேசியிற் பேசுங்கால் பணம் வேண்டும் என்பதோடு நில்லாமல், அனுப்பிய பணம் எதற்கு உதவிற்று என்று சொல்லுதலும் இப்பயிற்சியைச் சேர்ந்ததே.

பரீட்சையில் தவறினவனும், தகப்பனை இழந்து விடுதிக்குத் திரும்பினவனும் எதற்காக நன்றி சொல்லுவது? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு நன்றியைப் போதிப்பது நேர்மையாகாது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகையில் எந்நிலையிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லுகின்றாரேயன்றித் தீமையை நன்மையென்று அழைக்கச் சொல்லவில்லை. எபேசியருக்கு எழுதுங்கால், எல்லாவற்றின் பொருட்டும் என்று ஒருபடி மேலே செல்லுகின்றார். அது துன்புற்றவன் தன் காலால் நடந்து சேரவேண்டிய இடம். பிறர் அவனை அங்கே தள்ளுதல் கூடாது. துக்கித்திருப்பவனிடம் போய் ஸ்தோத்திரம் பண்ணு என்று சொல்லும் நண்பனைவிட, அவனருகே வாய்திறவாது உட்கார்ந்திருப்பவனே மேலானவன். பவுல்தானும் 14 நாள் புயலில் அலைந்த கப்பலில் 276 பேர் நடுவே அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியபோது, புயலுக்காக நன்றி செலுத்தவில்லை. கையிலிருந்த அப்பத்திற்காகவே செலுத்தினார்.

ஜெர்மனி தேசத்தில் ஐலன்பர்க் என்னும் பட்டணத்துப் போதகராயிருந்த மார்ட்டின் ரிங்கார்ட் என்பாரின் வரலாறும் இங்கே கருதத்தக்கது. முப்பதாண்டுப் போரின் நடுவே, 1637-ஆம் ஆண்டில் அப்பட்டணத்தைக் கொள்ளைநோய் பற்றிற்று. மற்றப் போதகர்களில் ஒருவர் வெளியேறினார், இருவர் மாண்டனர். எஞ்சிய ரிங்கார்ட் ஒருவரே 4,000-க்கு மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவ்வாண்டிலேயே அவர் மனைவியும் இறந்தார். பின்வந்த பஞ்சத்தில் தமக்கிருந்தவற்றை ஏழைகளுக்குக் கொடுத்து அவர் கடனாளியானார். எல்லாரும் சேர்ந்து தேவனுக்கு நன்றி கூறுவோம் என்னும் கருத்துடைய அவருடைய பாட்டு, நம் தமிழ்ச் சபைகளின் ஞானப்பாட்டுப் புத்தகங்களிலும் மொழிபெயர்ப்பாக இடம்பெற்றுள்ளது. பெருவிழாக்களில் வாத்தியங்களோடு முழங்கும் அப்பாட்டை வெற்றிக் கீதமென்று நினைப்பவர் பலர். ரிங்கார்ட் அதனைத் தம் வீட்டார் உணவருந்தியபின் பாடும் சிறு ஜெபமாகவே இயற்றினார் என்பர்.