துடுப்பில்லாத படகில் ஒரு பழுத்த மாலுமி

ஜாவாவுக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் கீலிங் கோகோஸ் தீவுகள் இருக்கின்றன. தென்னையும் பவளப்பாறையும் மலாய்க் குடும்பங்களுமாக இருந்த அந்தத் தீவுகளை 1886-இல், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரை ஆண்ட அதே நிர்வாகத்தோடு ஆங்கிலேயர் இணைத்தார்கள். 1897 ஜூலை 17 அன்று அங்கே ஒரு பாய்மரப் படகு வந்து நங்கூரம் போட்டது. அதில் இருந்தவர் ஒரே ஓர் ஆள். பெயர் ஜோஷுவா ஸ்லோகம், வயது 53.

பெரிய பாய்மரக் கப்பல்களுக்குக் கேப்டனாக இருந்தவர் அவர். நீராவிக் கப்பல்கள் பெருகி அந்த வேலை அருகியபோது, யாரோ கரையில் போட்டுவைத்திருந்த பழைய படகு ஒன்று அவருக்கு இலவசமாகக் கிடைத்தது. 13 மாதம் உழைத்துத் தம் கையாலேயே அதைப் புதுப்பித்தார். செலவு 553 டாலர் 62 சென்ட். 'ஸ்பிரே' என்ற அந்த 36 அடிப் படகில், 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்.

கீலிங்குக்கு முந்தைய 2,700 மைலை அவர் 23 நாளில் கடந்தார். அத்தனை தூரத்துக்கும் சுக்கானைப் பிடித்தது மூன்று மணி நேரம்கூட இல்லை. படகின் ஓட்டம் அவ்வளவு நேர்த்தி.

அப்படிப்பட்டவர்தான் தீவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். பவளத்திட்டு சூழ்ந்த அமைதியான நீர். ராட்சதச் சிப்பி ஓடுகளை எடுத்துவர, இன்னொருவரோடு உளுத்துப்போன தோணியில் போனார். பாதி வழியில் திடீர்க் காற்று பாயைப் பிய்த்தெறிந்தது. தோணி வெளிக்கடலை நோக்கி நகர்ந்தது. துடுப்பைத் தேடினார், ஒன்றும் இல்லை. நங்கூரம் இருந்தது, கட்டக் கயிறு போதவில்லை. குடிக்கத் தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. காற்று தள்ளும் திசையில் அடுத்த கரை ஆப்பிரிக்கா, 3,000 மைலுக்கு அப்பால். கிடைத்த ஒரு கழியைத் துடுப்பாக்கி உயிரைக் கொடுத்து வலித்தார்கள். காற்றும் சற்றே வழிவிட்டதால் ஆழமில்லாத இடத்துக்கு வந்து பிழைத்தார்கள்.

இது முதல் தடவையும் அல்ல. 1895 டிசம்பரில் உருகுவே கடற்கரையை ஒட்டிப் போய் 'ஸ்பிரே' மணலில் தரைதட்டியது. படகை மீட்க நங்கூரத்தைச் சிறு தோணியில் ஏற்றிப் போனபோது தோணி கவிழ்ந்தது. ஸ்லோகமுக்கு நீச்சல் தெரியாது! தோணியைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தி ஒருவழியாகக் கரை சேர்ந்தார். பிறகு குதிரையில் வந்த ஒரு சிறுவன், ஆளில்லாத படகு என்று நினைத்து 'ஸ்பிரே'யை இழுத்துப் போகப் பார்த்தான்.

இரண்டு ஆபத்தும் நடுக்கடலில் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியும்போதுதான் எவ்வளவு தேர்ந்த கையும் அசந்துபோகிறது. இந்தச் சங்கடங்களை எல்லாம் 1900-இல் வந்த தம் புத்தகத்தில் அவரே மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை நம்பிப் படிக்கலாம்.

1898 ஜூன் 27 அன்று, சுமார் 46,000 மைல் கடந்து அமெரிக்கா திரும்பினார். தனியாக உலகைப் படகில் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். பண்ணை வாங்கிக் குடியேறியும் மனம் அங்கே நிற்கவில்லை. அறுபது வயதுக்குப் பிறகும் குளிர்காலங்களில் அதே படகில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்தார். கடைசியாகத் தெற்கே கிளம்பியவர் திரும்பவே இல்லை. 1924-இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

கரையோரத்தில் அசந்துபோகக் கூடாது என்ற இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். மம்பாவ், சிரம்பான் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் விடுமுறைக்குப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய்ப் படகு ஏறுவது வழக்கம். பத்து நிமிடச் சவாரிதானே என்று நினைக்காதீர்கள். பாதுகாப்பு ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடுங்கள். படகில் துடுப்பு இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன்பே பாருங்கள்.