இட்டலியின் பூர்வ கதை

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பொழுது விடிந்ததும் எந்தச் சிற்றுண்டிச் சாலையில் நுழைந்தாலும் முதலில் இலைக்கு வருவதும், ஜுரத்தில் கிடந்து எழுந்தவனுக்கு வைத்தியர் முதலில் அனுமதிப்பதுமான இட்டலி, ஆதிகாலந்தொட்டே நமக்கு உரிய பதார்த்தம் என்பதில் சென்னைவாசிகளுக்குச் சந்தேகம் எழுவதே இல்லை. ஏடுகளைப் புரட்டினாலோ அந்த நம்பிக்கை சற்றே ஆட்டங்காண்கிறது. கி.பி. 920ஐ ஒட்டிச் சிவகோட்டியாசாரியர் கன்னடத்தில் இயற்றிய 'வட்டாராதனெ' என்னும் கிரந்தத்தில் 'இட்டலிகெ' தலைகாட்டுகிறது. 1025ஆம் ஆண்டளவில் இரண்டாம் சாவுண்டராயர், உளுந்தை மோரில் ஊறவைத்து நைய அரைத்து, தயிரின் தெளிநீர் சேர்க்கும் முறையைச் சொல்லுகிறார். பின்னும் ஒரு நூற்றாண்டு கழித்துச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்', மிளகும் சீரகமும் பெருங்காயமும் இட்ட உளுந்து உருண்டையை வருணிக்கிறது. அரிசியும், இராமுழுதும் புளிக்கவைப்பதும், ஆவியில் அவிப்பதும் இவற்றுள் ஒன்றிலும் காணப்படவில்லை.

அம்மூன்றும் இந்தோனேசியாவிலிருந்து அரசரோடு வந்த சமையற்காரர்கள் கொணர்ந்தவையாகலாம் என்று உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா ஊகித்தார். ஊகம் சுவையானதுதான்; ஆனால் புட்டும் கொழுக்கட்டையும் அவித்துத் தின்ற ஜனங்களுக்கு ஆவியின் மகிமையைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் கடல் கடந்து வரவேண்டியிருந்தது என்பதை என் மனம் எளிதில் ஏற்க மறுக்கிறது.

எவர் கொணர்ந்தாராயினும், ஆயிரம் ஆண்டுகளாக மாறாதிருப்பது உளுந்து ஒன்றே. அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஊறிய உளுந்தை நீர் தெளித்துத் தெளித்து அரைக்கையில், அதன் புரதமும் வழவழப்பான பசைப்பொருளும் கூடிக் காற்றைச் சிறைப்படுத்தும் நுரையாகின்றன. ஒரு சிட்டிகை மாவை நீரிலிட்டால் மிதக்கவேண்டும் என்று பாட்டிமார் விதித்த சோதனை அந்த நுரையைத்தான் சோதிக்கிறது. புழுங்கலரிசியை ரவைப் பதத்தில் தனியே அரைத்து, உப்பிட்டுக் கையால் கலந்து மூடிவைத்தால், உளுந்தோடு தாமாகவே வந்து சேர்ந்த லூக்கோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று, அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. அமிலம் புளிப்பைத் தர, வாயு வெளியேறாதபடி உளுந்தின் பசை தடுத்து நிறுத்த, மாவு பொங்குகிறது; அரிசியை மட்டும் புளிக்கவைத்தால் இவ்வளவு பொங்குவதில்லை.

இத்தனையும் ஆட்டுக்கல்லில் கைநோக நடந்த காலம் போய், 1955இல் கோயம்புத்தூர் சபாபதி மின்சாரத்தால் சுழலும் கிரைண்டரை ஆக்கினார். 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்டலி ஒரு ரூபாய்க்கு வந்தது. சீதோஷ்ணத்தை மாத்திரம் எந்த யந்திரமும் மாற்றவில்லை. மார்கழியில் விடிந்தும் எழும்பாத மாவு, அக்கினி நட்சத்திரத்தில் நள்ளிரவிலேயே பாத்திரத்தை மீறி வழிந்துவிடும். அப்படிப் புளிப்பேறியதை எவரும் கொட்டிவிடுவதில்லை, வெங்காயம் தூவி ஊத்தப்பமாக வார்த்துவிடுகிறார்கள்.