வீட்டுத் தோட்டத்தில் ரம்புத்தான்



ரம்புத்தான் பழத்தைத் தின்றுவிட்டு, அதன் கொட்டையை வீட்டின் பின்புறம் புதைத்து வைப்பது நம்மில் பலருடைய வழக்கம். கன்று செழித்து வளரும். ஐந்தாறு ஆண்டுகளில் பூக்கவும் செய்யும். ஆனால், சில மரங்களில் ஒரு பிஞ்சுகூடப் பிடிப்பதில்லை. மண் சரியில்லை என்போம், கண்பட்டுவிட்டது என்போம். உண்மையில் அது ஆண் மரமாக இருக்கும்.

ஆண் மரத்துப் பூக்களில் மகரந்தம் உண்டு, காய் பிடிக்காது. இதைக் கன்றிலேயே கண்டறிய நம்மால் இயலாது; பூத்த பின்னரே தெரியும். காய்க்கும் மரமாக அமைந்தாலும், தாய் மரத்தின் சுவை அதில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

ஆகவே, நாம் நட வேண்டியது ஒட்டுக்கன்று. நன்கு காய்க்கும் மரத்தின் மொட்டை நாற்றில் வைத்துக் கட்டி வளர்த்த கன்று இது. மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். மலேசியாவில் ஆர் 191 என்று பதிவு பெற்ற 'அனாக் செக்கோலா' இத்தகைய நல்ல வகைகளுள் ஒன்று.

இரண்டடி நீளம், அகலம், ஆழம் கொண்ட குழி தோண்டுவோம். மேல்மண்ணுடன் மக்கிய சாணத்தைக் கலந்து நிரப்புவோம். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். மரத்துக்கு மரம் முப்பதடி இடைவெளி நல்லது. சிறிய வீடானால் ஒரே மரம் போதும்.

ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் அடிக்கன்று ஓங்கி, ஒட்டு நலிந்துபோகும். வெயில் காலத்தில் காய்ந்த புல்லை மூடாக்காக இடுவோம். அது தண்டைத் தொடாதிருக்கட்டும். உரத்தை அடிமரத்தில் கொட்டாமல், கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் தூவுவோம். பழம் பறித்தபின் காய்ந்த கிளைகளையும் நெருக்கமான கிளைகளையும் கழிப்போம்.

ஏற்கெனவே ஆண் மரம் வைத்திருப்போர் அதை அடியோடு வெட்டிவிட வேண்டியதில்லை. மரத்தைக் குறைத்து வெட்டி, புதிதாக வரும் துளிர்களில் நல்ல வகையின் மொட்டை ஒட்டலாம். கைப்பழக்கம் உள்ளவரைக் கொண்டு செய்வது நலம்.

பணச் செலவு சிறிதுதான். வீணாகும் ஆண்டுகளைத்தான் நம்மால் திரும்பப் பெற முடியாது. நல்ல கன்றைத் தேர்ந்து நடுவோம்.